பழைய காரின் பிரேக்: எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது?

அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி இது: "இன்றைய கார் மாதிரி நிற்கவே மாட்டேன் என்கிறதே, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா?"

போடலாம். ஆனால் அது முதல் வேலை இல்லை, இரண்டாவது வேலையும் இல்லை. இந்தக் கார்களில் பெரும்பாலானவை சரியாக நிற்காததற்குக் காரணம், இருக்கிற பிரேக் பாதி வலுவோடு ஓடிக்கொண்டிருப்பதுதான். முதலில் அதை முழு வலுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால் எதற்குச் செலவழிப்பது என்பதையும் சொல்கிறேன். அந்த வரிசையிலும் டிஸ்க் முன்னால் வராது.

மிதித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

பெடலை மிதித்ததும் ஒரு தண்டு, மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் விசையை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் உருளை) உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஊசி போடும் சிரிஞ்சை அழுத்துவது போலத்தான். அந்த அழுத்தம் மெல்லிய இரும்புக் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. அங்கே வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் இருக்கும் சிறிய உருளை) பிரேக் ஷூவை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. ஷூவின் மேல் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைத்த லைனிங் (உராய்வுப் பட்டை), சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ட்ரம்மின் உட்சுவரில் உரசுகிறது. கார் நிற்கிறது.

பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் குழாய்க்குள் காற்றுக் குமிழி நுழைந்துவிட்டால் உங்கள் மிதி குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிறது, பெடல் பஞ்சு போல அமுங்குகிறது.

மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படி நிறுத்தினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ட்ரம் பிரேக்குக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சுழலும் ட்ரம், தன் போக்கில் எதிர்கொள்ளும் ஷூவைத் தானே உள்ளே இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். உங்கள் காலின் விசையோடு சக்கரத்தின் விசையும் சேர்ந்துகொள்கிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ளவே அக்காலக் கார்கள் பலவற்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீல் சிலிண்டர் வைத்து, இரண்டு ஷூவும் அப்படி இழுபடும்படி அமைத்தார்கள். பின்னோக்கிப் போகும்போது இந்த உதவி கிடைக்காது. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் கார் பிடிப்பு குறைந்தது போலத் தோன்றினால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. காலை அழுத்தி வையுங்கள், ஹேண்ட் பிரேக்கிலும் கை இருக்கட்டும்.

என் காரில் எது கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் பெடலே சொல்லிவிடும். வண்டியை நிறுத்தி, பெடலை மிதமாக மிதித்து அப்படியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் ஆயிலைத் தாங்காமல் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் இது நடக்கும். இந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

முதல் மிதியில் பெடல் தரைவரை போய், இரண்டு மூன்று முறை "பம்ப்" செய்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? அப்படியானால் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. இந்தக் கார்கள் பலவற்றில் ஷூ தானாக நெருங்கி வராது, நாம்தான் அட்ஜஸ்டரைத் திருக வேண்டும். "பிரேக்கே இல்லை" என்று பட்டறைக்கு வரும் எத்தனையோ வண்டிகளுக்கு இந்த அரைமணி வேலைதான் மருந்து. பம்ப் செய்த பிறகும் பெடல் பஞ்சாகவே இருந்தால் காற்று.

பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறது. கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ ஏறியிருக்கலாம், ரப்பர் ஹோஸ் (வளையும் குழாய்) உள்ளே அடைத்திருக்கலாம்.

ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. நான்குமே சூடாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு தளர்வு போய்விட்டாலோ, ஆயில் திரும்பி வரும் நுண்துளை அடைத்தாலோ, அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும். ஓட ஓடச் சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் இறுகும்.

பெடல் காலுக்குக் கீழே துடிக்கிறது என்றால் ட்ரம் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கிறது. லேத் பட்டறை வேலை.

சரிசெய்யத் தொடங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஏற்கெனவே ஓடாமல் நின்ற கார் என்றால், "எது போயிருக்கிறதோ அதை மட்டும் மாற்று" என்று மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். பிரேக்கில் பழைய ரப்பர் ஒன்று போயிருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. ரப்பர் வாஷர்கள், ஹோஸ்கள், ஆயில் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதுதான் கடைசிக் கணக்கில் மலிவு.

இவற்றில் எல்லாரும் மறப்பது ஹோஸ். முன்சக்கரத்துக்கு இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று என்று வழக்கமாக மூன்று ரப்பர் ஹோஸ் இருக்கும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்சுவர் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். காலின் விசை பெரியது என்பதால் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும். ஷூவைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கின் விசை சிறியது, ஆயில் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடும். வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றியும் தீராத இழுப்பு, ஹோஸை மாற்றியதும் தீர்வதை மெக்கானிக்குகள் அடிக்கடி பார்க்கிறார்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத ஹோஸ் எதுவும் உங்கள் காரில் இருக்கக் கூடாது.

இரும்புக் குழாயைத் துணியால் துடைத்து, கைவிரலால் தடவிப் பாருங்கள். துரு சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். கிளிப் போட்டு இறுக்கிய இடங்களுக்கு அடியில்தான் துரு முதலில் தின்னும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். புதுக் குழாய்க்கு இரும்பைவிடச் செம்பு-நிக்கல் கலவை நல்லது. துருப் பிடிக்காது, வளைக்கவும் எளிது. ஏ.சி. வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாயைப் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வண்டியின் அதிர்வில் செம்பு இறுகி, பிறகு விரிசல் விடும்.

வீல் சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். லேசான கறை என்றால் மெல்லத் தேய்த்து, புது வாஷர் கிட் போடலாம். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் தேய்த்துப் பயனில்லை. குழி விளிம்பு புது ரப்பரைச் சில மாதங்களில் அறுத்துவிடும். புதுச் சிலிண்டர் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காத மாடல் என்றால், பழைய சிலிண்டரைத் துளைத்துத் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் (உள்ளுறை) போட்டுத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. துருப்பிடித்த பழைய இரும்பைவிட இது நீண்ட நாள் உழைக்கும். ஸ்லீவின் உள்விட்டம் பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

லைனிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரிவெட் தலை வெளியே தெரியும் முன்பே லைனிங்கை மாற்றிவிட வேண்டும். தெரிந்துவிட்டால் அது ட்ரம்மைக் கீறத் தொடங்கியிருக்கும். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. செய்யாதீர்கள். மேற்பரப்பு உலர்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய், சூடேறும்போது வெளியே வரும். பின்சக்கர லைனிங்கில் எண்ணெய் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்சில் சீல் வழியே வந்த கியர் ஆயிலா என்று பாருங்கள். சீலை மாற்றாமல் லைனிங் மாற்றினால் பணம்தான் வீண்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தியப் பிரேக் தொழிலின் பெரிய பெயர்கள் சில சென்னையைச் சேர்ந்தவை. பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதனால் உங்கள் மாடலுக்கு ஆயத்த ஷூ கிடைக்காவிட்டாலும், பழைய ஷூவில் புது லைனிங் அடித்துக்கொள்ளலாம். சென்னையில் புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய காரிலிருந்து கழற்றிய ட்ரம், பின்தட்டு (ஷூவைத் தாங்கும் தகடு) போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை. ஆனால் ரப்பர், ஹோஸ், லைனிங் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியில் போலிச் சாமானும் விற்கப்படுவதால், பில் தரும் கடையில் வாங்குங்கள்.

ட்ரம்மைக் கடைந்தால் போதுமா? போதாது. ட்ரம்மின் உள்விட்டம் கூடியதும், ஷூவின் வளைவு அதற்குச் சரியாகப் பொருந்தாது. நடுவில் மட்டும் தொடும், பிடிப்பு குறையும். புது லைனிங்கை அந்த ட்ரம்முக்கு ஏற்றபடி வளைவு தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கடைவதற்கும் எல்லை உண்டு. உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவைத் தாண்டினால் ட்ரம் மெலிந்து, சூட்டில் விரிந்துகொடுக்கும். ஒரே ஆக்சிலின் இரண்டு ட்ரம்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும், லைனிங்கும் இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

ஒரு எச்சரிக்கை உங்கள் மூச்சுக்காக. பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ் எனும் நார்க்கனிமம்) கலந்திருக்கும். ட்ரம்மைக் கழற்றியதும் அதிலுள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள். வேலை செய்பவருக்கு ஒரு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது?

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எஞ்சின் ஆயில் வகை அல்ல. தவறுதலாக எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால் ரப்பர் எல்லாம் ஊதி, மொத்த அமைப்பையும் பிரித்து எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும்.

கடையில் டாட் 3, டாட் 4 என்று இரண்டு தரம் சாதாரணமாகக் கிடைக்கும். டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையிலும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. இது புட்டியைத் திறந்த புதிதில். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு டாட் 3-க்கு 140 டிகிரி, டாட் 4-க்கு 155 டிகிரி என்பதே விதி கேட்கும் அளவு. நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது அவசியம். ஓடவே இல்லை என்றாலும் மாற்ற வேண்டும், நிற்கும் வண்டியிலும் ஈரம் ஏறத்தான் செய்யும். அந்த ஈரம்தான் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது.

பெரும்பாலான பழைய கார்களுக்கு என் பரிந்துரை டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டையும் தின்னாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காருக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற வகைகளோடு அதைக் கலக்கவே கூடாது. எல்லா ரப்பரும் புதிதாகப் போட்டு, குழாயெல்லாம் உலர்த்திய பிறகே அதை ஊற்றலாம். டாட் 5.1 என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது டாட் 4-ன் குடும்பம்.

டாட் 3, டாட் 4 இரண்டும் பெயின்ட்டை உரித்துவிடும். சிந்தினால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்றை எப்படி வெளியேற்றுவது?

இதைத்தான் பட்டறையில் "ஏர் எடுப்பது" என்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வர வேண்டும். நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பெரும்பாலும் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் (காற்று திறக்கும் சிறு திருகு) ஒரு தெளிவான டியூப்பை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் திறந்து மூட வேண்டும். குமிழி வருவது நிற்கும் வரை தொடருங்கள். நடுவில் மேலே தொட்டியில் ஆயில் தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பழைய மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் ஏர் எடுக்கிறீர்கள் என்றால், பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக அந்தத் தூரத்துக்குப் பிஸ்டன் போவதில்லை. அங்கே படிந்த துருவில் ரப்பர் உரசிக் கிழியும். "ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

ஏர் எடுப்பதற்கு முன்பே ஷூ அட்ஜஸ்ட்மெண்ட் முடிந்திருக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் சுற்ற முடியாமல் போகும் வரை அட்ஜஸ்டரை இறுக்கி, பிறகு தடையில்லாமல் சுற்றும் வரை சிறிது தளர்த்துங்கள். இரண்டு அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஷூவைச் சரிசெய்யாமல் கேபிளை இழுத்து இறுக்கினால் பின் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் சோதனை நடக்கும் வேகத்தில், பிறகு வெறிச்சோடிய சாலையில். புது லைனிங் ட்ரம்மோடு பழகச் சில நாள் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் அடிப்பதும், ஆற விடுவதும், மறுபடி அடிப்பதுமாக ஓட்டுங்கள். அதுவரை நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஷூ அட்ஜஸ்ட்மெண்டை மறுபடி பாருங்கள், புது லைனிங் படிந்ததில் இடைவெளி கூடியிருக்கும்.

எல்லாம் சரிசெய்தாயிற்று. இனி என்ன மேம்படுத்தலாம்?

முதலில் டயரைப் பாருங்கள். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், காரை நிறுத்துவது டயர். அதிகம் ஓடாத பழைய காரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) தேயாமலே ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முன்பு செய்த டயர். பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, என் கணிப்பில் மிக முக்கியமானது, இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்காவது ஒரு குழாய் வெடித்தால், ஒரு ஹோஸ் அறுந்தால், ஒரு வாஷர் கிழிந்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து போய்விடும். கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். இரட்டைச் சுற்றில் ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன், முன்சக்கரத்துக்கு ஒரு வழி, பின்சக்கரத்துக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்காவில் 1968 முதல் விற்ற கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத, நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாத மாற்றம் இது. ஆனால் பழைய காரில் குடும்பத்தோடு போகிறவர் ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் காசு வைத்திருக்கிறார் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

எந்தக் காரின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரையாவது மாட்டிவிடலாமா? கூடாது. உள்விட்டம் முக்கியம். முக்கால் அங்குலச் சிலிண்டரோடு ஒப்பிட்டால் 7/8 அங்குலச் சிலிண்டருக்கு அரைக்கால் அங்குல வித்தியாசம்தான். ஆனால் அதன் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடுதல். பெரிய சிலிண்டரைப் போட்டால் பெடல் கல்லாக நிற்கும், அதே பிடிப்புக்கு அவ்வளவு கூடுதலாக மிதிக்க வேண்டும். சிறியதைப் போட்டால் மிதி லேசாகும், ஆனால் பெடல் நெடுந்தூரம் கீழே போகும். பழைய சிலிண்டரின் அளவை அளந்து, அதற்கு மிக அருகில் இருப்பதை வாங்குங்கள்.

பூஸ்டர் எப்படி? பூஸ்டர் (எஞ்சினின் உறிஞ்சு விசையால் மிதிக்கு உதவும் டப்பா) உங்கள் காலின் சிரமத்தைக் குறைக்கும். மூட்டுவலி உள்ளவருக்கும், மிதிக்க வலு குறைந்தவருக்கும் இது பெரிய உதவி. ஆனால் ட்ரம்மின் சூடு தாங்கும் திறனை அது கூட்டாது. கெட்ட பிரேக்கின் மேல் பூஸ்டர் வைத்தால் கோளாறு மறைந்து நிற்கும், தீராது. இன்னொன்று, பெட்ரோல் எஞ்சினில்தான் இந்த உறிஞ்சு விசை இயல்பாகக் கிடைக்கும். டீசல் அம்பாசடருக்குத் தனி வேக்யூம் பம்ப் வேண்டும். பூஸ்டர் போட்ட பிறகு ஆயில் குறைந்துகொண்டே போய், வெளியே கசிவும் தெரியாமல், புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால், பூஸ்டர் வழியே எஞ்சின் பிரேக் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம்

நன்றாக இருக்கும் ட்ரம் பிரேக்கே நகர வேகத்தில் சக்கரத்தைப் பூட்டி நிறுத்திவிடும். சக்கரம் பூட்டிய பிறகு டிஸ்க்காலும் கூடுதலாக எதுவும் செய்ய முடியாது. அப்படியானால் டிஸ்க் எதற்கு? திரும்பத் திரும்பப் பிரேக் அடிக்கும்போது அது களைத்துப் போகாது. ட்ரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் வழுக்கத் தொடங்கும், இன்னும் போனால் ஆயில் கொதித்துக் குமிழியாகும். டிஸ்க் காற்றில் வெளியே சுழல்வதால் சூடு உடனுக்குடன் போய்விடும். மழைத் தண்ணீரும் ட்ரம்மில் தேங்குவது போல டிஸ்க்கில் தேங்காது.

ஆகவே அடிக்கடி மலைக்குப் போகிறவர், நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுகிறவர், எஞ்சினை மாற்றி வலுக் கூட்டியவர் இவர்களுக்கு முன்சக்கர டிஸ்க் பொருத்தமான செலவு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டில் நிறுத்துகிறவருக்குத் தேவையில்லை.

போடுவதென்றால் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? டிஸ்க்குக்குத் தானே இழுத்துக்கொள்ளும் குணம் கிடையாது, எனவே அதிக அழுத்தம் வேண்டும். பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போட்டால் பெடல் முன்னைவிடக் கனமாகும். பழைய ட்ரம் மாஸ்டர் சிலிண்டர்களில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிஸ்க்கோடு அது இருந்தால் பேட் (டிஸ்க்கில் உரசும் பட்டை) எப்போதும் உரசிச் சூடாகும். காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்வும் பிடிப்பான்) பிஸ்டனுக்கு ஆயிலும் அதிகம் தேவை. அதனால் டிஸ்க் என்றாலே மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும். சேர்த்தே இரட்டைச் சுற்றாகப் போட்டுவிடுங்கள்.

காலிப்பர் ரிம்முக்குள் அடங்குகிறதா, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் ஹோஸ் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பிற்கால அம்பாசடர்களில் சிலவற்றுக்கு நிறுவனமே முன் டிஸ்க் கொடுத்திருந்தது. அந்த மாடலின் பாகங்களை மொத்தமாக எடுத்து மாட்டுவது, வேறு காரின் காலிப்பரை வெல்டிங் செய்த தகடில் தொங்கவிடுவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. பிரேக்கின் முழு விசையையும் தாங்கும் தகடில் பட்டறை வெல்டிங்கை நான் ஏற்க மாட்டேன்.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போட வேண்டாம். பிரேக் அடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் வேலை குறைவு. பின் பிரேக் முன்னதைவிட முந்திப் பூட்டினால் கார் பம்பரம் போலச் சுழன்றுவிடும். பின் ட்ரம் அப்படியே இருந்தால் ஹேண்ட் பிரேக்குக்கும் சிக்கல் இல்லை.

மலை இறங்கும்போது?

இதற்கு டிஸ்க்கோ ட்ரம்மோ, கணக்கு ஒன்றுதான். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும் காரில் பிறக்கும் வெப்பம், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் பாதியிலேயே பெடல் கைவிட்டுவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் பாதிச் சுமையை எடுத்துக்கொள்ளும். காலைப் பெடலில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு ஆற விடுங்கள். எரிந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி காத்திருங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மழைநீரில் இறங்கி வந்த பிறகு ட்ரம் நனைந்து சற்று நேரம் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தி உலர்த்திவிட்டு வேகமெடுங்கள்.

இப்படி மாற்றினால் சட்டச் சிக்கல் வருமா?

ஆர்.சி. புத்தகத்தில் பதிந்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பழுதடைந்த பிரேக்கை அதே வகைச் சாமானால் புதுப்பிப்பதற்கு இது பொருந்தாது. டிஸ்க்குக்கு மாறுபவர்கள் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளில் பிரேக்கைப் பார்ப்பார்கள்.

உங்கள் கார் 50 ஆண்டைத் தாண்டியிருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாமல் பராமரிக்கப்பட்ட கார்களுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு கிடைக்கிறது. அந்தப் பதிவுக்குப் போக விரும்புகிறவர்கள், திரும்பப் பழையபடி மாற்ற முடியாத எதையும் காரில் செய்யக் கூடாது. சேஸிஸில் புதுத் துளை போடாமல், எதையும் அறுக்காமல், போல்ட் போட்டு மாட்டும் மாற்றங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய ட்ரம், பின்தட்டு, பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி, கிரீஸ் தடவி, எது எந்தச் சக்கரத்துக்கு உரியது என்று சீட்டு எழுதிக் கட்டிப் பத்திரப்படுத்துங்கள்.